பிடி இருந்தால்தான் இழுக்க முடியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலனூரிலிருந்து பெரியம்மா போன் பண்ணினார். மழை, கோழி, கரண்ட் எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தார். "ஏங் கண்ணு, நீ நரம்புப் படிப்புத்தான படிச்ச, இந்த மருந்துல போன நரம்பு திரும்ப வளருமா வளராதா, ஒண்ணு சொல்லு."

அவருக்கு நிணநீர்க் கணுவில் புற்றுநோய் வந்திருந்தது. ஆறு தடவை கீமோ ஏற்றினார்கள், நோய் அடங்கிவிட்டது, தலைமுடியும் திரும்ப வந்துவிட்டது. கால் விரல்களில்தான் உணர்ச்சி இல்லை. ஒரு நாள் கடைக்குப் போகும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறார், பின்னால் சைக்கிளில் வந்த பையன் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தானாம். கை விரல் நுனியெல்லாம் துணி சுற்றின மாதிரி இருக்கிறது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்றார்.

"வளரும் பெரியம்மா, ஆனா மெதுவா வளரும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொன்னது தப்பில்லை, ஆனால் எனக்கே அது போதவில்லை. இப்போது வேறு வேலையில் இருந்தாலும், ஐந்து வருடம் எலியின் நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, கண்ணாடியில் வளர்த்து, அவை எப்படி ஒன்றையொன்று போய்த் தொடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். வளரும் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு வளரும், அந்த மருந்து எதைக் கெடுத்தது, அதைச் சொல்லாமல் வெறுமனே வளரும் என்பது ஜோசியக்காரர் பதில் மாதிரி இருந்தது.

முதல் வருடம் நான் செய்த ஒரு சொதப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் படித்ததை விட அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எலிக் கருவின் மூளையிலிருந்து ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பிரித்தெடுத்து, செல்களைத் தனித்தனியாக்கி, கவர்ஸ்லிப் என்கிற நகத்தளவு வட்டக் கண்ணாடிச் சில்லுகளின் மேல் விட்டு, இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்தேன். ஒழுங்காக நடந்திருந்தால் மறுநாள் செல்கள் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்து, நாலா பக்கமும் மெல்லிய கால் விட ஆரம்பித்திருக்கும். எனக்குக் கிடைத்தது சரியாகக் கிண்டாத உப்புமா. செல்களெல்லாம் கட்டி கட்டியாகச் சேர்ந்து கிடந்தன, மூன்றாம் நாள் அந்தக் கட்டிகளுக்கு நடுவே தடித்த கயிறு மாதிரி ஏதோ ஓடியிருந்தது, தட்டைக் கொஞ்சம் ஆட்டியதும் மொத்தமும் கண்ணாடியை விட்டுக் கழன்று மிதந்தது. கைடு எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கோட்டிங் போட்டியா?" போட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பாலி லைசின் கலந்த ட்யூபுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த வெறும் பஃபர் கரைசலை ஊற்றியிருக்கிறேன்.

கண்ணாடியின் மேல் நெகட்டிவ் மின்னூட்டம், செல்லின் மேற்பரப்பிலும் நெகட்டிவ், அதனால் இரண்டும் ஒட்டாது. பாலி லைசின் பாசிட்டிவ், நடுவில் பூசினால் ஒட்டும். அது இல்லாதபோது என் செல்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் விஷயம். தரையில் பிடி கிடைக்காததால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, கைப்பிடி எட்டாத பஸ் கூட்டம் பிரேக் போட்டால் பக்கத்து ஆளைப் பிடிக்கிற மாதிரி. அந்தத் தடித்த கயிறுகளும் அதேதான், தனியாக ஓட வழியில்லாத ஆக்சான்கள், அதாவது நரம்பு செல் விடுகிற நீண்ட இழைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டாகப் போயிருக்கின்றன.

நரம்புக்குப் பிடிமானம் வேண்டும் என்பது ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. 1907இல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் வைத்து, கவர்ஸ்லிப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். நரம்பு இழை என்பது ஒரே செல்லிலிருந்து நீண்டு வருவதா, இல்லை வழியில் உள்ள பல செல்கள் சங்கிலியாகச் சேர்ந்து கட்டுவதா என்று அப்போது பெரிய சண்டை. அவர் கண் முன்னாலேயே ஒற்றைச் செல்லிலிருந்து இழை கிளம்பி, நுனி அசைந்து அசைந்து முன்னேறியது. உடம்புக்கு வெளியே திசு வளர்க்கும் வேலையே அங்கிருந்துதான் ஆரம்பம் என்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த நிணநீர் உறைந்துபோகும் என்கிற சின்ன விஷயம். உறையும்போது உள்ளே நார் வலை உண்டாகிறது, இழைகள் ஏறிப்போக அதுதான் பந்தல். பிறகு 1914இல் அவரே சிலந்தி வலை நூலைக் கட்டி, செல்கள் அதன் மேல் நீண்டு ஊர்ந்து போவதைக் காட்டினார்.

அந்த அசைகிற நுனிக்கு 1890இலேயே ஸ்பெயின்காரரான கஹால் பெயர் வைத்துவிட்டார், வளர்முனை என்று. இத்தனைக்கும் அவர் பார்த்தது வெள்ளிச் சாயம் ஏற்றிய, செத்துப்போன கோழிக் கருத் திசுவை. அதை வைத்தே இது உயிரோடு இருக்கும்போது முட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போகும் என்று எழுதினார். வேறென்ன சொல்ல, சில பேருக்கு அப்படிக் கண்.

சரி, வளர்முனையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். மைக்ரோஸ்கோப்பில் அது விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும், அதிலிருந்து மெல்லிய விரல்கள் நீள்வதும் துழாவுவதும் மடங்குவதுமாக இருக்கும். கையின் விளிம்பில் அக்டின் என்ற புரதத்தின் இழைகள், 7 நானோமீட்டர் தடிமன். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து மைக்ரோடியூபூல் என்ற குழாய்கள், 25 நானோமீட்டர். இந்த இரண்டையும் சேர்த்துச் செல்லின் எலும்புக்கூடு என்று பாடத்தில் எழுதுவோம், அந்தப் பெயர் வைத்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் எலும்பு மாதிரி எதுவும் அங்கே நிலையாக இருப்பதில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்கள் பின்னால் இருக்கிற சவுக்குக் கம்பைப் பிரித்து முன்னால் கொண்டுபோய்க் கட்டுவார்களே, கிட்டத்தட்ட அப்படி.

அக்டின் இழைகள் விளிம்பில் முன்பக்கமாகக் கூடிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் மயோசின், நம் தசையை இழுக்கிற அதே குடும்பத்து மயோசின், அந்த இழைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர் வேகத்தில். முன்னால் கட்டுகிற வேகமும் பின்னால் இழுக்கிற வேகமும் சமமாக இருந்தால் என்ன ஆகும்? அவ்வளவு ஆற்றல் செலவழித்தும் முனை நின்ற இடத்திலேயே நிற்கும். சேற்றில் மாட்டின டிராக்டரின் சக்கரம் சுற்றுகிற மாதிரி. இப்போது செல்லின் மேலே இருக்கிற ஒரு பிடிப்புப் புரதம் வெளியே எதையாவது பிடித்து, அதன் வால் உள்ளே ஓடுகிற அக்டினோடு கோத்துக்கொண்டால், அந்த இடத்தில் பின்னோட்டம் தடைபடும், இழுக்கிற விசை தரைக்கு மாறும், முனை முன்னே போகும். சக்கரத்துக்கு அடியில் சாக்கைப் போட்டாயிற்று. இதை 1988இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் கிளட்ச் என்று வர்ணித்தார்கள், பைக் ஓட்டுகிற யாருக்கும் உடனே புரியும்: எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கிளட்சை விட்டால்தான் வண்டி நகரும். எந்தப் பக்கம் பிடி கிடைத்ததோ அந்தப் பக்கம் மைக்ரோடியூபூல்கள் நுழைந்து வழியை உறுதியாக்கும், அது ஆக்சானின் அடுத்த துண்டாகிவிடும்.

பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் கண்வலி போட்டிருக்கிறார்கள். செங்காந்தள் என்றால் சட்டென்று தெரியும், நம் மாநிலப் பூ. அதன் இலை நுனி சுருண்டு வேலிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். வளர்முனையும் அது மாதிரிதான் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இப்போது யோசித்தால் பாதிதான் சரி. கொடி விழாமல் இருப்பதற்காகப் பிடிக்கிறது. வளர்முனை இழுப்பதற்காகப் பிடிக்கிறது, இழுத்துவிட்டு விடுகிறது, விட முடியாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ரொம்பப் பசையான தரையிலும் ஆக்சான் நன்றாக ஓடாது. எது நல்ல பிடி என்றால் ஓரளவு பிடி.

அக்டினை மட்டும் கெடுத்தால்? 1986இல் வெட்டுக்கிளிக் கருவின் காலில் அதைச் செய்து பார்த்தார்கள். சைட்டோகலாசின் என்ற பூஞ்சை நஞ்சைக் கொடுத்ததும் வளர்முனையின் விரல்களெல்லாம் போய்விட்டன. ஆச்சரியம், ஆக்சான் நிற்கவில்லை, மைக்ரோடியூபூலை வைத்தே நீண்டுகொண்டு போனது. ஆனால் வழி தவறி அலைந்தது. விரல் இல்லாமல் நடக்கலாம், துழாவ முடியாது.

பிடிப்புப் புரதம் என்றேன், அது கிடைத்த கதையைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. மசடோஷி டகேய்ச்சி ஜப்பானில் கியோட்டோவில் செல்களை ட்ரிப்சின் என்ற, புரதத்தை வெட்டுகிற நொதியைப் போட்டுப் பிரிப்பார், பிரித்த செல்களைச் சுழற்றினால் திரும்பச் சேர்ந்துகொள்ளும். 1970களின் நடுவில் அமெரிக்காவில் கார்னகி ஆய்வகத்துக்குப் போனார் (அதுவும் பால்டிமோர்தான்). அதே வேலையை அங்கே செய்தால் செல்கள் சேரவே இல்லை. வேறு ஆளாக இருந்தால் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று விட்டிருப்பார். அவர் தேடிப் பார்த்ததில், அந்த ஊர் ட்ரிப்சின் கரைசலில் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது தெரிந்தது. அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால்சியம் இருந்தால் ட்ரிப்சினால் வெட்ட முடியாத, கால்சியம் போனால் வெட்டுப்படுகிற ஒரு புரதம்தான் செல்களை ஒட்டவைக்கிறது என்று அதிலிருந்து பிடித்தார். அதற்குத்தான் பிறகு கேட்ஹெரின் என்று பெயர் வந்தது. என் கோட்டிங் சொதப்பலும் ஒரு கரைசல் தப்புத்தான், அவருடையதில் கேட்ஹெரின் கிடைத்தது, எனக்கு ஒரு வாரம் வீணானது.

கேட்ஹெரின் வெளியே இன்னொரு செல்லின் கேட்ஹெரினைப் பிடிக்கும், உள்ளே கேட்டினின் என்ற புரதங்கள் வழியாக அக்டினோடு கட்டுப்பட்டிருக்கும். இந்த உள் முடிச்சு எவ்வளவு முக்கியம் என்பதையும் டகேய்ச்சியின் குழுவே 2004இல் காட்டியது. இரண்டு நியூரான்கள் சந்திக்கிற சினாப்ஸில், தகவல் வாங்குகிற பக்கம், டென்ட்ரைட் என்ற கிளையின் மேல் சின்ன முள் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், தலை பெருத்து, கழுத்துச் சிறுத்து. நரம்பு செல்லின் ஆல்ஃபா கேட்டினினை எடுத்துவிட்டால் அந்த முள்ளின் தலை ஓர் இடத்தில் நிலைக்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. கூடுதலாகக் கொடுத்தால் முட்கள் நெருக்கமாயின. வெளியே பசை அப்படியே இருந்தும் உள்ளே கயிறு அறுந்தால் இணைப்பு நிலைக்காது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

மனிதர்களிலும் பிடிப்புப் புரதம் கெட்டால் தெரியும். எல்1 என்ற ஒன்று, ஆக்சான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஊர்ந்துபோக உதவுவது, அதன் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. தலையில் நீர் கோத்திருக்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும், மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புக் கட்டு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும்.

இதெல்லாம் கேட்டுவிட்டுப் பசைதான் எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. நானே அப்படித்தான் நினைத்தேன், அதற்கு ஒரு காரணமும் இருந்தது. சினாப்ஸில் இருக்கிற நியூரோலிஜின் என்ற பிடிப்புப் புரதத்தை மூளைக்குச் சம்பந்தமே இல்லாத, சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களில் வைத்து, பக்கத்தில் நியூரான்களை விட்டுப் பார்த்த சோதனை 2000இல் வந்தது. ஆக்சான் வந்து அந்தச் செல்லைத் தொட்ட இடத்தில், எதிரே நியூரான் இருப்பதாகவே நம்பி, தகவல் அனுப்பும் பைகளையெல்லாம் கொண்டுவந்து அடுக்கி வைத்தது! எதிர்ப்பக்கம் கைகொடுக்கும் புரதம் நியூரெக்சின், அதைக் கறுப்பு விதவைச் சிலந்தியின் விஷம் எதில் ஒட்டுகிறது என்று தேடிப்போய் 1992இல் கண்டுபிடித்தது தாமஸ் சூட்ஹோஃபின் குழு. சரி, அப்படியென்றால் நியூரோலிஜின் இல்லாத எலிக்குச் சினாப்ஸே இருக்காதுதானே? 2006இல் முக்கியமான மூன்று நியூரோலிஜின்களையும் நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் செத்துப்போயின. ஆனால் மூளையை எடுத்து எண்ணிப் பார்த்தால் சினாப்ஸ்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. இணைப்பு இருந்தது, வேலைதான் செய்யவில்லை. ஒட்டவைப்பதற்கு அங்கே வேறு ஆட்கள் நிறைய உண்டு, நியூரோலிஜினின் வேலை ஒட்டிய இடத்தில் எதை எங்கே வைப்பது என்று ஒழுங்குபடுத்துவது. பசை என்ற சொல்லைப் போட்டு நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

அந்த முட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். 1982இல் டி.என்.ஏ. புகழ் ஃப்ரான்சிஸ் கிரிக், இந்த முட்கள் துடிக்குமோ, உள்ளே அக்டின் இருப்பதால் வடிவம் மாறுமோ என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 1998இல் பாசெல் நகரில் ஒளிரும் அக்டினை வைத்துப் பார்த்தபோது நிஜமாகவே சில விநாடிகளுக்குள் வடிவம் மாறியது. ஒரு முள்ளுக்குள் இருக்கிற அக்டினில் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் பழையது போய்ப் புதிதாகிவிடுகிறது. ஞாபகம் என்று நாம் பத்திரமாக நினைப்பது இவ்வளவு அவசரமாகப் பிரித்துக் கட்டப்படுகிற சாரத்தின் மேல்தான் நிற்கிறது, நான் சாவி வைத்த இடத்தை மறப்பதில் வியப்பென்ன.

இப்போது பெரியம்மாவின் கால். அவருக்கு ஏற்றியதில் ஒன்று வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. அது மைக்ரோடியூபூலின் செங்கலான டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழாய் கட்ட விடாது. வேகமாகப் பிரிகிற புற்றுநோய்ச் செல்லுக்குக் குரோமோசோமைப் பங்கு பிரிக்க அந்தக் குழாய்கள் வேண்டும், அதனால் சாகும். நியூரான் பிரிவதில்லை, ஆனால் ஆக்சானுக்குள் அதே குழாய்கள்தான் தண்டவாளம், செல்லின் உடலில் தயாராகிற சரக்கு எல்லாம் அதன் மேல்தான் நுனிவரை போகிறது. முதுகுத்தண்டின் பக்கத்தில் இருக்கிற செல்லிலிருந்து கால் விரலுக்கு ஏறக்குறைய 1 மீட்டர். தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷனுக்குத்தான் முதலில் சரக்கு நிற்கும். அதனால்தான் முதலில் கால் விரல், அப்புறம் கை விரல்.

டியூபுலினைக் கண்டுபிடித்ததே இன்னொரு செடி நஞ்சை வைத்துத்தான். கோல்ச்சிசின், கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு மருந்து. 1967இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினை விட்டு, அது செல்லில் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். செல்கள் பிரிகிற திசுவில் ஒட்டியது, எதிர்பார்த்ததுதான். செல் பிரியாத மூளையில் அதைவிடத் தாராளமாக ஒட்டியது, அதுதான் அதிர்ச்சி. மூளை முழுக்கத் தண்டவாளம் என்று அப்படித்தான் தெரியவந்தது, இன்றைக்கும் டியூபுலின் வேண்டும் என்றால் பன்றி மூளையிலிருந்தோ மாட்டு மூளையிலிருந்தோதான் பெரும்பாலும் பிரித்தெடுக்கிறார்கள். அந்தக் கோல்ச்சிசின் வேறு எங்கே இருக்கிறது? பக்கத்துக் காட்டுக் கண்வலியின் கிழங்கிலும் விதையிலும். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து விளைவித்து விற்கிறார்களே, அந்த விதையில்.

ரெண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். செல் உயிரோடுதான் இருக்கிறது பெரியம்மா, நுனிதான் சுருங்கிப் பின்வாங்கியிருக்கிறது, மருந்தை நிறுத்தியதும் தண்டவாளம் திரும்பக் கட்டும், பழைய உறை இன்னும் அங்கேயே இருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டு வரும், கை காலில் இருக்கிற நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதக் கணக்கில் ஆகும், சில பேருக்குக் கொஞ்சம் மரமரப்பு நின்றும் போகலாம், அடுத்த முறை டாக்டரிடம் காலைக் காட்டிக் கேளுங்கள் என்றெல்லாம் சொன்னேன். நித்தியகல்யாணிதான் அந்த மருந்து என்றதும், "வாசல்ல நிக்குதே, அதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சரி கண்ணு, அது வர்றப்ப வரட்டும். பின்னால வார் வெச்ச செருப்பு ஒண்ணு வாங்கிட்டேன். இனி அது எங்க போகும்."